சாமான் லிஸ்டில் விடுபட்ட ஒரு வரி



ஒரு வீட்டின் நல்லது கெட்டது எல்லாம் மளிகைக் கடைக்காரனுக்கு மாதச் சாமான் லிஸ்டிலேயே தெரிந்துவிடும். வீட்டுக்கு மருமகள் வந்தால் அரிசி கூடும். பெரியவருக்குச் சர்க்கரை வியாதி என்றால் சீனி குறைந்து கோதுமை மாவு ஏறும். பாட்டி காலமாகிவிட்டால் வெற்றிலைச் சுண்ணாம்பும் வாசனைப் பாக்கும் நின்றுவிடும். யாரும் நம்மிடம் வந்து சொல்ல வேண்டியதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் என் வாடிக்கைக் குடும்பம் ஒன்றில் ஒன்பது வயதுப் பையன் இறந்துபோனான். மாலை ஆறரை மணிக்குப் பால் வாங்கப் போனவன். தெரு முனையில் சரக்கு ஏற்றி வந்த மினி லாரி அவன் மேல் ஏறிவிட்டது. அடுத்த மாதம் முதல் வாரம் அந்த அம்மா வழக்கம்போல லிஸ்டோடு வந்தார். நானும் வழக்கம்போலச் சாமானை எடுத்து வைத்துக்கொண்டே வந்து, கடைசியில் ஒரு பூஸ்ட் பாட்டிலையும் எடுத்து வைத்துவிட்டேன். ஆறு வருடப் பழக்கம். "அது வேண்டாம் அண்ணாச்சி" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. லிஸ்டைத் திருப்பிப் பார்த்தேன். கடைசி வரி இல்லை.

இதில் சொல்ல வெட்கமான ஒரு சங்கதி இருக்கிறது. அந்த மினி லாரி எங்கள் கடைத்தெருவுக்கு வாரம் மூன்று நாள் வந்துபோகும் வண்டி. அதை ஓட்டியவர் குடித்துவிட்டு ஓட்டுகிறவர் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். வாடையை மூக்கால் உணர்ந்தபடியே சிட்டையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். சரக்கு நேரத்துக்கு வருகிறதா, மூட்டை குறையாமல் இருக்கிறதா, அவ்வளவுதான் பார்த்தோம்.

"எல்லோருக்கும் தெரியும்" என்கிற இந்த நிலைதான் குழந்தைகளைக் கொல்கிறது. நம் ஊரில் மட்டும் அல்ல. அமெரிக்காவில் ஒரு தாய் இந்த நிலையை எதிர்த்து எழுந்து ஒரு நாட்டின் சட்டத்தையே மாற்றிக் காட்டினார். அவர் கதையை நம் வணிகர்கள் அறிந்துகொள்வது நல்லது.

1980 மே 3

கலிஃபோர்னியா மாநிலத்தில் சேக்ரமென்டோ நகரை ஒட்டிய ஊர் ஃபேர் ஓக்ஸ். அங்கே கேன்டி லைட்னர் என்ற பெண்மணி வீடு, மனை விற்றுக் கொடுக்கும் தொழில் செய்துவந்தார். மணவிலக்குப் பெற்றவர். இரட்டைப் பெண் குழந்தைகள், ஒரு மகன் என மூன்று பிள்ளைகளைத் தனியாக வளர்த்தார். இந்தக் குடும்பத்துக்கு வாகன விபத்து புதிதல்ல. இரட்டையரில் ஒரு பெண் கைக்குழந்தையாக இருந்தபோதே குடிகாரர் ஒருவர் ஓட்டிய வண்டி மோதிக் காயம்பட்டவள். பிறகு, மாத்திரை மயக்கத்தில் ஒருவர் ஓட்டிய கார் மகன் மீது ஏறி அவன் படுகாயமடைந்தான். இரண்டு முறையும் பிள்ளைகள் பிழைத்தார்கள்.

மூன்றாவது முறை அப்படி நடக்கவில்லை. 1980 மே 3, சனிக்கிழமை. இரட்டையரில் மற்றொருத்தியான 13 வயது காரி, தேவாலயத்தில் நடந்த கொண்டாட்டத்துக்குத் தோழியோடு நடந்து போய்க்கொண்டிருந்தாள். நடுச்சாலையில் அல்ல, ஓரத்தில் சைக்கிளுக்கென்று விட்டிருந்த பாதையில். பின்னால் வந்த கார் அவளை மோதித் தூக்கி நூறு அடிக்கும் அப்பால் எறிந்தது. ஓட்டியவர் வண்டியை நிறுத்தவில்லை.

சில நாட்களில் ஆளைப் பிடித்தார்கள். அப்போதுதான் அந்தத் தாய்க்கு முழு விவரமும் தெரியவந்தது. அந்த ஓட்டுநர் குடித்து ஓட்டியதற்காக ஏற்கெனவே பலமுறை பிடிபட்டவர். காரி இறப்பதற்குச் சில நாட்கள் முன்புதான் இதேபோல் குடித்து ஓட்டி ஒரு வண்டியை இடித்துவிட்டு ஓடிய வழக்கில் ஜாமீனில் வெளியே வந்திருந்தார். ஓட்டுநர் உரிமம் அப்போதும் அவர் கையில்தான் இருந்தது.

நீதிமன்றத்துக்குத் தெரியும். போலீசுக்குத் தெரியும். உரிமம் கொடுத்த அலுவலகத்துக்கும் தெரியும். தெரியாமல் சாலையோரம் நடந்துபோனது அந்தப் பெண் குழந்தை மட்டும்தான்.

"இவருக்கு என்ன தண்டனை கிடைக்கும்?" என்று அந்தத் தாய் போலீசாரைக் கேட்டார். பெரிதாக ஒன்றும் கிடைக்காது, சிறைக்குப் போனாலே அதிசயம் என்கிற மாதிரி பதில் வந்தது. அந்தக் காலத்தில் அமெரிக்காவில் குடித்துவிட்டு ஓட்டுவது சிரித்துவிட்டுப் போகிற விஷயமாக இருந்தது. கொஞ்சம் அபராதம், கொஞ்சம் எச்சரிக்கை, அதோடு சரி. ஆள் இறந்தால் "விபத்து" என்று எழுதி மூடிவிடுவார்கள். கடைசியில் அந்த ஓட்டுநருக்கு இரண்டு ஆண்டுத் தண்டனைதான் கிடைத்தது. அதையும் அவர் முழுவதுமாகச் சிறைக்குள் கழிக்கவில்லை. வெளியே வந்த பிறகு மறுபடியும் குடித்து ஓட்டிப் பிடிபட்டார்.

வேலையை விட்டார், வீதிக்கு வந்தார்

கேன்டி லைட்னர் அரசியல் அறிந்தவர் அல்ல. வாக்காளர் பட்டியலில்கூட அதுவரை பெயர் சேர்க்காதவர். வேலையை விட்டுவிட்டு, சேமித்து வைத்த பணத்தைப் போட்டு, 1980ஆம் ஆண்டிலேயே ஓர் அமைப்பைத் தொடங்கினார். 'குடித்து வண்டி ஓட்டுவோருக்கு எதிரான தாய்மார்கள்' என்பது அதன் பெயர். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'மேட்' என்று அழைத்தார்கள். கோபம் என்றும் அதற்குப் பொருள் வரும்.

மாநில ஆளுநராக இருந்த ஜெர்ரி பிரவுனின் அலுவலகத்துக்கு நாள் தவறாமல் போய் நின்றார். பாக்கி வசூலுக்குப் போகிறவர் வாசலில் போய் நிற்பாரே, அப்படி. கடைசியில் இதற்கென ஒரு குழு அமைக்கப்பட்டது. அதில் அவரும் உறுப்பினரானார். 1981இல் கலிஃபோர்னியா சட்டத்தைக் கடுமையாக்கியது.

மேரிலாந்து மாநிலத்திலிருந்து சின்டி லாம்ப் என்ற இன்னொரு தாயும் வந்து சேர்ந்தார். 1979 நவம்பரில் குடிபோதை ஓட்டுநர் ஒருவரின் வண்டி மோதி, அவருடைய ஐந்து மாதக் குழந்தை கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் போயிருந்தது. இருவரும் 1980 அக்டோபரில் வாஷிங்டனில் பத்திரிகையாளர்களைச் சந்தித்தார்கள். அதன் பிறகு நாடெங்கும் பிள்ளையை இழந்த தாய்மார்கள் ஊர் ஊராகக் கிளைகள் தொடங்கினார்கள். நீதிமன்றத்துக்குப் போய் உட்கார்ந்து, எந்த வழக்கில் என்ன தீர்ப்பு வருகிறது என்று குறித்து வைத்தார்கள். யாரோ பார்த்துக் குறித்துக்கொள்கிறார்கள் என்றாலே அலுவலகங்களில் கொஞ்சம் விழிப்பு வரும் என்பது நமக்கும் தெரிந்ததுதானே.

1982இல் குடியரசுத் தலைவர் ரீகன் இதற்காக ஓர் ஆணையம் அமைத்தார். 1984 ஜூலை 17இல், மது வாங்கும் வயதை நாடு முழுவதும் 21 ஆக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். அந்தச் சட்டம் வேலை செய்த விதம் வியாபாரிகளுக்குப் புரியக்கூடியது. மது விஷயத்தில் மாநிலங்களுக்கு மத்திய அரசு நேரடியாக உத்தரவு போட முடியாது. ஒரு மாநிலத்தில் 18 வயது, பக்கத்து மாநிலத்தில் 21 வயது என்று இருந்ததால், இளைஞர்கள் எல்லை தாண்டிப் போய்க் குடித்துவிட்டு இரவில் வண்டி ஓட்டித் திரும்பினார்கள், வழியில் செத்தார்கள். ஆகவே, வயதை 21 ஆக்காத மாநிலத்துக்குச் சாலைப் பணிக்கான நிதியில் முதலில் 5 சதவீதமும் பிறகு 10 சதவீதமும் பிடித்தம் என்றார்கள். 1988க்குள் 50 மாநிலங்களும் வழிக்கு வந்துவிட்டன.

கல்லாவில் நின்றவரின் பொறுப்பு

அமெரிக்காவின் பல மாநிலங்களில் பீர் மளிகைக் கடையிலேயே விற்கும். ஆகவே இந்தச் சட்டம் நேராகக் கடைக்காரரின் கல்லாவுக்கே வந்தது. வயதுக்கான அடையாள அட்டையைப் பார்க்காமல் விற்றால் அபராதம், உரிமமும் போகலாம்.

அதற்கும் மேலே ஒன்று உண்டு. 'டிராம் ஷாப்' சட்டம் என்பார்கள். டிராம் என்பது மதுவைச் சில்லறையாக ஊற்றிக் கொடுத்த பழைய அளவு. கண்ணுக்குத் தெரியப் போதையில் இருப்பவருக்கோ சிறுவருக்கோ மேலும் மது விற்று, அவர் வண்டி ஓட்டி யாரையாவது கொன்றால், இறந்தவரின் குடும்பம் விற்றவர் மீதும் இழப்பீடு கேட்டு வழக்குப் போடலாம். எல்லா மாநிலத்திலும் ஒன்றுபோல் இல்லை என்றாலும் பல மாநிலங்களில் இது நடைமுறை. "விற்றதோடு என் வேலை முடிந்தது" என்று அங்கே ஒரு கடைக்காரர் சொல்லிவிட முடியாது.

2000ஆம் ஆண்டில் இரத்தத்தில் இருக்கும் மதுவின் அளவுக்கும் நாடு தழுவிய வரம்பு வந்தது: 100 மில்லி இரத்தத்தில் 80 மில்லிகிராம். ஏற்காத மாநிலத்துக்கு இப்போதும் சாலை நிதியில் பிடித்தம்.

பலன் என்ன? அமெரிக்காவில் 1982இல் இந்த அளவுக்கு மேல் குடித்து ஓட்டியவர்களால் நடந்த விபத்துகளில் 21,000 பேருக்கு மேல் இறந்தார்கள். 2019இல் அது சுமார் 10,000 ஆனது. இடையில் வண்டிகள் பெருகியும் சாவு பாதியாகக் குறைந்தது. ஆனால் கவனம் தளர்ந்தால் மறுபடி ஏறும். 2022இல் 13,500 என்ற அளவுக்கு ஏறிவிட்டது.

கேன்டி லைட்னர் நிர்வாகக் குழுவோடு ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் 1985இல் அமைப்பிலிருந்து விலகினார். ஓடி ஓடி உழைத்த அந்த ஆண்டுகளில் மகளுக்காக உட்கார்ந்து அழக்கூடத் தான் நேரம் எடுத்துக்கொள்ளவில்லை என்பதைப் பின்னாளில் அவரே சொன்னார். 1990இல் துக்கத்தைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். தன் எதிர்ப்பு குடிக்கு அல்ல, குடித்துவிட்டு ஓட்டுவதற்குத்தான் என்பதையும் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தார். இந்த வேறுபாட்டை நாமும் மனதில் வைக்க வேண்டும். இது மதுவிலக்குப் பேச்சு அல்ல. வண்டிச் சாவியைப் பற்றிய பேச்சு.

நம் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது?

பலர் அறியாத செய்தி: நம் சட்டம் அமெரிக்கச் சட்டத்தைவிடக் கண்டிப்பானது. அங்கே 80 மில்லிகிராம் என்றால் இங்கே 30 தான். மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறை 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மீண்டும் பிடிபட்டால் 15,000 ரூபாய், அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

வண்டி வைத்திருக்கும் வணிகர்கள் 188ஆம் பிரிவையும் தெரிந்துகொள்ள வேண்டும். குடித்து ஓட்டும் குற்றத்துக்குத் துணைபோகிறவருக்கும் அதே தண்டனை. டிரைவர் போதையில் இருப்பது தெரிந்தும் "சீக்கிரம் போய்ச் சரக்கை எடுத்து வா" என்று அனுப்புகிற முதலாளி இதில் மாட்டக்கூடும். இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். குடித்து ஓட்டியது நிரூபணமானால் வண்டிச் சேதத்துக்குக் கம்பெனி பணம் தராது. இறந்தவர் குடும்பத்துக்குரிய இழப்பீட்டிலும் 2019 திருத்தம் கம்பெனிக்கு மறுப்பதற்கு வழி கொடுத்திருக்கிறது. கம்பெனியே கட்டினாலும் பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலிக்க வரலாம். ஒரு ராத்திரியில் கடை, வீடு எல்லாம் போகிற கணக்கு அது.

மதுக்கடைகள் விஷயத்தில் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கு நாடு முழுவதற்கும் தீர்ப்பு வாங்கித் தந்தது. வழக்கறிஞர் கே. பாலு தொடர்ந்த வழக்கு அது. 2016 டிசம்பர் 15இல் உச்ச நீதிமன்றம், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. 2017 மார்ச் 31இல், 20,000 பேருக்கு மேற்படாத ஊர்களுக்கு அதை 220 மீட்டராகக் குறைத்தது. பிறகு நகராட்சி எல்லைக்குள் இருப்பவற்றுக்கு விலக்கும் வந்தது. கடை தள்ளிப் போனது. அங்கிருந்து திரும்பும் வண்டிக்காரர் கையில் சாவி இருக்கும்வரை ஆபத்து தள்ளிப் போகவில்லை.

அதிகாலை லோடு: ஒரு கணக்கு

நம் தொழிலில் பெரிய ஆபத்து இரவில் மட்டும் அல்ல, விடியற்காலையிலும் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

180 மில்லி குவார்ட்டர் ஒன்றில் சுமார் 60 கிராம் சாராயச் சத்து இருக்கிறது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் அதைக் குடித்தால் 100 மில்லி இரத்தத்தில் 125 மில்லிகிராம் அளவுக்கு ஏறலாம். உடம்பு அதை மணிக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம்தான் கழிக்கும். இரவு 11 மணிக்குக் குடித்தவர் காலை 4 மணிக்கு மார்க்கெட் லோடுக்கு வண்டி எடுத்தால், அப்போதும் 50 மில்லிகிராம் இருக்க வாய்ப்பு உண்டு. தூங்கி எழுந்துவிட்டார், பல் துலக்கிவிட்டார், தெளிவாகத்தான் பேசுகிறார். ஆனாலும் சட்டத்தின் அளவுக்கு மேலேயே இருக்கிறார். ஆளுக்கு ஆள் இந்தக் கணக்குக் கொஞ்சம் மாறும். ஆனால் காபி, மோர், எலுமிச்சைச் சாறு, தலைக்குக் குளியல் எதுவும் அதை வேகமாகக் கழிக்காது. நேரம் ஒன்றுதான் கழிக்கும்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் 55 அடி கடக்கும். பிரேக்கில் கால் வைக்க அரை விநாடி தாமதித்தாலே 27 அடி போய்விடும். சராசரி மளிகைக் கடையின் முகப்பு அகலத்தைவிட அது அதிகம். ஒரு குழந்தைக்கு அந்தத் தூரம்தான் உயிர்.

நாம் செய்யக்கூடியவை

1. ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் டிரைவர், லோடுமேன்களுக்குப் பாட்டில் வாங்கிக் கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிடுவோம். அந்தப் பணத்துக்கு வேட்டி, சேலை, பிள்ளைகளுக்குத் துணி எடுத்துக் கொடுத்தால் வீடே வாழ்த்தும்.

2. விடியற்காலை லோடு இருந்தால் முன் இரவு குடிக்கக் கூடாது என்று டிரைவரிடம் வேலைக்குச் சேர்க்கும்போதே பேசிவிட வேண்டும். சந்தேகம் வந்தால் அன்றைக்கு ஆக்டிங் டிரைவர் போட்டு அனுப்புங்கள். ஒரு நாள் சம்பளம் பெரிய செலவல்ல.

3. வெளியூர் வண்டி டிரைவர் போதையில் வந்தால், சரக்கை இறக்கிக்கொண்டு சிட்டையைக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். சாவியை வாங்கி வைத்துக்கொண்டு வண்டி முதலாளிக்கோ பார்சல் ஆபீசுக்கோ போன் செய்யுங்கள். "தம்பி, படுத்து எழுந்து போ" என்று கிட்டங்கியில் ஒரு பாய் விரித்துக் கொடுப்பது நமக்கு நஷ்டம் அல்ல. கோபப்பட்டால் படட்டும்.

4. மதுக்கடைக்குப் பக்கத்தில் தண்ணீர் பாட்டில், மிக்சர், ஊறுகாய் விற்கும் சிறு கடைக்காரர்கள்தான் தள்ளாடிக்கொண்டு பைக்கில் ஏறுகிறவரை முதலில் பார்க்கிறவர்கள். "அண்ணே, வண்டி இங்கேயே இருக்கட்டும், ஆட்டோ கூப்பிடுகிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். பத்துப் பேரில் இரண்டு பேர் கேட்டாலும் இரண்டு குடும்பம் தப்பும்.

5. கடை வாசலில் விபத்து நடந்தால் போலீஸ், கோர்ட் என்று பயந்து ஷட்டரை இறக்க வேண்டாம். 108க்குப் போன் செய்யுங்கள். உதவி செய்தவரைப் பெயர் சொல்லும்படியோ சாட்சிக்கு வரும்படியோ கட்டாயப்படுத்தக் கூடாது என்று 134ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது.

6. நம் வாடிக்கையாளர் வீட்டில் பிள்ளை போய்விட்டால், அந்தப் பேச்சையே எடுக்காமல் நழுவிவிடாதீர்கள். பிள்ளையின் பெயரைச் சொல்லி இரண்டு வார்த்தை பேசுங்கள். பெற்றவர்களுக்குப் பெரும் பயம், ஊர் தன் பிள்ளையை மறந்துவிடுமோ என்பதுதான்.

இந்த ஆறாவதை அந்த அம்மாவிடம்தான் கற்றேன். ஒரு வருடம் வரை நான் அவரிடம் பையனைப் பற்றி எதுவுமே பேசவில்லை. பிறகு ஒரு நாள், சில்லறை எண்ணும்போது, "தம்பி மிட்டாய்க்கு எட்டணா குறையும்போது நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு, மறுநாள் தவறாமல் கொண்டுவந்து கொடுப்பானே, அம்மா" என்று என்னை அறியாமல் சொல்லிவிட்டேன். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனால் அன்றைக்குத்தான் அவர் கடை முன்னால் நின்று கால் மணி நேரம் பேசினார். போகும்போது, "அந்த வண்டி இப்போதும் வருகிறதா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

அந்த வண்டி வருவதில்லை. வேறு வண்டிகள் வருகின்றன. நாளைக் காலையும் நம் ஒவ்வொருவர் கடை வாசலிலும் ஒரு வண்டி வந்து நிற்கும். சிட்டையில் கையெழுத்துப் போடும் முன்னால் அதை ஓட்டி வந்தவர் முகத்தை ஒரு நிமிடம் பாருங்கள். மூட்டையை எண்ணுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.